கொல்கத்தா தீர்ப்பு ரத்து: வரிகளை மட்டும் நீக்கியிருந்தால் போதாதா?

புதுதில்லி: நாடாளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் வரம்பு மீறிப் பேசினால், அவைத் தலைவர் அச்சொற்களை அவைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடுவார்; பத்திரிகைகளும் அவற்றை வெளியிடக் கூடாது. நீதிமன்றத் தீர்ப்புகளில் இது அத்தனை எளிதல்ல.

போக்சோ வழக்கொன்றில் 2022-ல் 20 ஆண்டு சிறைத் தண்டனை பெற்ற ஒருவரை, கொல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதிகள் சித்தரஞ்சன் தாஸ், பார்த்தசாரதி சென் ஆகியோர் 2023 அக்டோபர் 18-ம் தேதி விடுதலை செய்தனர். சம்பவம் நடந்தபோது சிறுமிக்கு வயது 14. பின்னர் அவர்களுக்குக் குழந்தையும் பிறந்திருந்தது. பருவ வயதுப் பெண்கள் பாலுணர்வைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று அத்தீர்ப்பில் கூறப்பட்ட உபதேசமே நாடு முழுவதும் எதிர்ப்பைக் கிளப்பியது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் தாமாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

ஆட்சேபகரமான வரிகளை மட்டும் நீக்கியிருக்கலாமே என்ற கேள்வி எழக்கூடும். அதற்கு முன்னுதாரணமும் உண்டு. காவல் துறையைக் குற்றக் கும்பலோடு ஒப்பிட்டு அலாகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஏ.என். முல்லா எழுதிய வரிகளை, முகமது நயீம் வழக்கில் 1963-ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. (அவ்வரிகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன என்பது வேறு விஷயம்.)

ஆனால் கொல்கத்தா தீர்ப்பில் பழுது வரிகளோடு நிற்கவில்லை. குற்றம் நிரூபணமாகியிருந்தும், தமக்குள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி உயர் நீதிமன்றம் விடுதலை வழங்கியிருந்தது. 14 வயதுச் சிறுமியின் சம்மதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. எனவே நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு 2024 ஆகஸ்ட் 20-ம் தேதி அத்தீர்ப்பை ரத்து செய்து, போக்சோ சட்டப்படி அவர் குற்றவாளியே என உறுதி செய்தது. சட்டப்படி இதுவே சரியான முடிவு.

தண்டனை விஷயத்தில் அமர்வு அவசரப்படவில்லை. அப்பெண்ணின் விருப்பத்தை அறிய வல்லுநர் குழு அமைக்க உத்தரவிட்டது. குழுவின் அறிக்கை சங்கடமான உண்மையைச் சொன்னது. சம்பவத்தைவிட, காவல் நிலையம், நீதிமன்றம் என அலைந்ததும், அந்த ஆணைத் தண்டனையிலிருந்து காப்பாற்றப் போராடியதுமே அப்பெண்ணை அதிகம் பாதித்திருந்தன. அவரைக் குடும்பமும் கைவிட்டிருந்தது.

பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை பற்றி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போலீஸார் தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்சோ சட்டம். அக்கடமை முறையாக நிறைவேறியிருந்தால், அச்சிறுமிக்கு வேறொரு வழி இருந்திருக்கும். இந்த அலட்சியத்தை உச்ச நீதிமன்றமும் கண்டித்தது. உபதேச வரிகள் பற்றி எழுந்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதுபற்றி எழவில்லை.

முடிவில், 2025 மே 23-ம் தேதி அரசியல் சட்டத்தின் 142-வது பிரிவைப் பயன்படுத்தி, குற்றவாளிக்குத் தண்டனை விதிப்பதில்லை என உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றும் தெளிவுபடுத்தியது. அப்பெண்ணின் படிப்புச் செலவை ஏற்கவும், குடும்பத்தின் கடன் தீர உதவவும் மேற்கு வங்க அரசுக்கு உத்தரவிடப்பட்டது.