குளிருக்கும் விலை உண்டு!

வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே தக்காளி நாற்று!

அமெரிக்காவின் வடக்கே விஸ்கான்சின், மின்னசோட்டா என்று 2 மாநிலங்கள் இருக்கின்றன. அங்கே உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பள்ளிக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாளால் மூடிய பசுமைக் குடில். அதற்குள் மாணவர்கள் செடி வளர்க்கிறார்கள். மே மாதத்தில் ஊராருக்கு விற்கிறார்கள்.

இது பொழுதுபோக்கு அல்ல. பாடம்! 1917-ல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் செய்தது. அரசுப் பணத்தில் விவசாயம் படிக்கும் பள்ளி மாணவர்கள், ஆண்டுக்கு 6 மாதமாவது கையால் செய்து பழக வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1928-ல் விவசாய மாணவர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கமும் பிறந்தது. (அதில் பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1969 வரை ஆயிற்று. அது வேறு கதை.)

விற்பனை மே மாதம். வேலை தொடங்குவதோ டிசம்பரில்!

பின்னாலிருந்து எண்ணு

மே மாதம் 2-வது ஞாயிறு அங்கே அன்னையர் தினம். அம்மாவுக்குப் பூச்செடி வாங்கிக் கொடுப்பார்கள். உறைபனி ஓயும் காலமும் அதை ஒட்டியே வருகிறது. அந்த வாரத்தில் செடி பூத்து நிற்க வேண்டும். முந்தினால் முற்றிவிடும். பிந்தினால் வாங்க ஆள் இருக்காது.

ஆகவே மாணவர்கள் அந்த நாளிலிருந்து வாரங்களைப் பின்னோக்கி எண்ணுகிறார்கள். ஜெரேனியம் விதையிலிருந்து பூக்க 14, 15 வாரம் ஆகும். ஜனவரிக் கடைசியில் விதைக்க வேண்டும். பெட்டூனியாவுக்கு 11, 12 வாரம். அது பிப்ரவரியில். தக்காளி நாற்றுக்கு 6, 7 வாரம் போதும். மார்ச் கடைசியில் விதைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தால் என்ன ஆகும்? தக்காளி ஒட்டடைக் குச்சிபோல் வளர்ந்து சாய்ந்து கிடக்கும்!

பெட்டூனியா விதை கசகசாவைவிடப் பொடிசு. ஒரு கிராமில் ஏறக்குறைய 10 ஆயிரம் விதை இருக்கும். அதன் மேல் மண் போட்டு மூடக் கூடாது. வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும்.

விதைப்பதற்கு முன்பே பழைய தொட்டிகளைக் கழுவ வேண்டும். 9 பங்கு தண்ணீரில் 1 பங்கு பிளீச்சிங் திரவம் கலந்து ஊற வைக்கிறார்கள். இல்லாவிட்டால் பழைய மண்ணில் இருக்கும் பூஞ்சணம் நாற்றழுகல் நோயைக் கொண்டுவரும். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று, காலையில் அடியில் அழுகிச் சாய்ந்து கிடக்கும்.

குடிலின் கூரைக்கு 2 பிளாஸ்டிக் தாள். இடையில் ஒரு சின்ன விசிறி காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். கம்பளிப் போர்வை மாதிரி அந்தக் காற்று சூட்டைக் காக்கிறது. அப்படியும் வெப்ப அடுப்பு இரவெல்லாம் எரிய வேண்டும். ஜனவரி இரவில் அது நின்றுபோனால், விடிவதற்குள் அத்தனை நாற்றும் உறைந்துவிடும். அதனால்தான் சூடு குறைந்தால் ஆசிரியர் வீட்டில் மணி அடிக்கும்படி ஏற்பாடு செய்கிறார்கள்.

யார் தலையில்?

இந்தச் சூட்டுக்கு யார் பணம் கொடுப்பது? சிக்கல் இங்கேதான்.

எரிவாயுச் செலவைப் பள்ளி கட்டிவிட்டால், மாணவர் கணக்கில் விதையும் மண்ணும் தொட்டியும் மட்டுமே செலவு. லாபம் கொழிக்கும்! ஆனால் அது பொய்க் கணக்கு.

செத்த நாற்றையும் மறந்துவிடுகிறார்கள். 72 குழி உள்ள தட்டில் 60 நாற்றுத்தான் பிழைத்தது என்று வையுங்கள். தட்டின் செலவை 60 ஆல் வகுக்க வேண்டும். 72 ஆல் வகுத்தால் நஷ்டம்.

"சிறு பிள்ளைகள்தானே, போகட்டும்" என்று சிலர் சொல்லலாம். போகட்டும் என்று விட முடியாது. அதே ஊரில் நாற்றுப் பண்ணை வைத்துப் பிழைப்பவர் இருக்கிறார். அவர் ஆளுக்குக் கூலி கொடுக்கிறார். குளிர்காலம் முழுவதும் எரிவாயுவுக்கும் பணம் கட்டுகிறார். பள்ளி நடப்பது அவர் கட்டும் வரியிலும்தான். அன்னையர் தினத்தன்று மாணவர்கள் பாதி விலைக்கு விற்றால் அவர் என்ன செய்வார்?

மாணவர்கள் விற்க வேண்டாம் என்பதல்ல. தாராளமாக விற்கட்டும். சரியான விலைக்கு விற்கட்டும். கணக்கு நோட்டும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். ஒரு வருஷம் நஷ்டம் வந்தால் ஆசிரியர் ஓடிவந்து ஈடு கட்ட வேண்டாம்.

ஜனவரி மாத எரிவாயு பில்லை ஆசிரியர் மேஜைக்குள் வைத்துப் பூட்டக் கூடாது. குடிலின் கதவில் ஒட்டிவைக்க வேண்டும். மே மாதம் விலைச்சீட்டு எழுதும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.