கப்பல் ரத்தானால் காசு எங்கே? 'கிரெடிட்' வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியவை

கோலசிலாங்கூரிலிருந்து ஜெராம், காப்பார் வழியாக கிள்ளான் துறைமுகம் ஒன்றும் தூரமில்லை. பூலாவ் இண்டாவில் இருக்கும் பயணக் கப்பல் முனையத்துக்குக் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். அதனால்தான் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் இருக்கும் குடும்பங்களுக்கும் "ஒரு தடவை குரூஸ் போவோமா?" என்கிற ஆசை எட்டாத ஆசை இல்லை. நம்ம பாட்டி காலத்தில் கப்பல் என்றால் நாகப்பட்டினம், மெட்ராஸ் போன 'ரஜூலா'. இப்போது அந்த வார்த்தைக்கு பஃபே, நீச்சல் குளம், செல்ஃபி என்று அர்த்தம் மாறிவிட்டது.

பெருந்தொற்று வந்தபோது, கட்டிய காசுக்கு என்ன ஆனது? பலரும் அதை "பாவம், நேரம் சரியில்ல" என்று கடந்துவிட்டார்கள். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் நடந்ததைப் புரிந்துகொண்டால், அடுத்த முறை புக்கிங் செய்யும்போது நீங்கள் கேட்கிற கேள்வியே மாறும்.

2020 மார்ச்: கதவு மூடிய வாரம்

2020 மார்ச் 6-ஆம் தேதி பூக்கெட் துறைமுகமும், மறுநாள் பினாங்கும், சுமார் 2,000 பேருடன் வந்த 'கோஸ்டா ஃபார்ச்சூனா' கப்பலை உள்ளே விடவில்லை. கடைசியில் அது சிங்கப்பூரில் ஒதுங்கியது. அதே வார இறுதியில் பயணக் கப்பல்கள் எதுவும் நம் துறைமுகங்களில் நிற்கக் கூடாது என்று மலேசியா அறிவித்தது. மார்ச் 18-இல் எம்.சி.ஓ. தொடங்கியது. அதன் பிறகு புக்கிங் வைத்திருந்தவர்களுக்கு வந்ததெல்லாம் மின்னஞ்சல்தான்: பயணம் தள்ளிவைப்பு, மறுபடியும் தள்ளிவைப்பு, பிறகு ரத்து.

உலக அளவில் பெரிய நிறுவனங்கள் நீட்டிய வாய்ப்பு ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. ராயல் கரீபியனை எடுத்துக்கொள்வோம். நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால், கட்டிய பணம் முழுசா திரும்ப வேண்டுமா, அல்லது 125 விழுக்காடு மதிப்புள்ள எதிர்காலப் பயண கிரெடிட் வேண்டுமா என்று கேட்டது. 4,000 வெள்ளி கட்டியவருக்கு 5,000 வெள்ளி மதிப்பு. கேட்க நல்லாத்தான் இருக்கு, இல்லையா?

அந்தக் கூடுதல் 25 விழுக்காடு ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கப்பல் ஓடாத மாதத்திலும் ஊழியர், எரிபொருள், கடன் தவணை என்று செலவு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் உங்கள் 4,000 வெள்ளி வெளியே போகாமல் இருப்பதுதான் அவர்களுக்கு லாபம். அதாவது கிரெடிட் வாங்கும் நிமிடத்தில் நீங்கள் பயணி இல்லை, அடமானம் எதுவும் இல்லாமல் கடன் கொடுத்தவர். தோட்டத்தில் கூட்டு கட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். கூட்டு பிடிக்கிற அக்கா நல்லா இருக்கிற வரை எல்லாமே நல்லாத்தான் இருக்கும். (கூட்டு 1971-லிருந்தே சட்டப்படி தடை என்பது வேறு கதை.)

அக்கா ஊரை விட்டுப் போனால்?

நம் வட்டாரத்தில் அப்படியும் நடந்தது. ஸ்டார் குரூஸ், டிரீம் குரூஸ் இரண்டையும் நடத்திய கெந்திங் ஹாங்காங், 2020-இல் மட்டும் சுமார் 170 கோடி அமெரிக்க டாலர் நஷ்டத்தைக் காட்டியது. 2022 ஜனவரியில் அதன் ஜெர்மன் கப்பல் கட்டும் தளம் திவாலானது. சில நாட்களிலேயே தாய் நிறுவனமும் பெர்முடா நீதிமன்றத்தில் கலைப்பு மனு போட்டது. அந்த நிலைமையில் கிரெடிட் வைத்திருப்பவர் யார்? பிணை வைத்திருக்கும் வங்கிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பிணையில்லாக் கடன்காரர். 'கெந்திங் டிரீம்' கப்பல் அதே ஆண்டு ஜூனில் சிங்கப்பூரிலிருந்து மறுபடி ஓடியது உண்மை. ஆனால் ரிசோர்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் என்ற புதிய நிறுவனத்தின் கீழ். கப்பல் அதே கப்பல், ஒப்பந்தம் வேறு.

யார் ரத்து செய்தது?

நிறுவனம் ரத்து செய்தால் பணத்தைத் திரும்பக் கேட்கும் நிலை உங்களுக்குப் பலமாக இருக்கும். பயந்து நீங்களே ரத்து செய்தால், புக்கிங் நிபந்தனைப்படி முன்பணம் போகலாம். அதனால் "போக மாட்டோம்" என்று முந்திக்கொண்டு எழுதாதீர்கள். கடைசித் தவணை கட்டும் தேதி வரை காத்திருப்பது பல நேரம் நல்லது.

சிக்கல் நடுவில்தான். 2020 அக்டோபர் 14 முதல் சிலாங்கூரில் நிபந்தனையுடன் கூடிய எம்.சி.ஓ. வந்தபோது மாவட்டம் தாண்டவே தடை. கோலசிலாங்கூர் ஒரு மாவட்டம், கிள்ளான் வேறு மாவட்டம். அன்று கப்பல் ஓடியிருந்தாலும் உங்களால் துறைமுகத்துக்குப் போயிருக்க முடியாது. இது யாருடைய ரத்து?

1950 ஒப்பந்தச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 1956 சிவில் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க வழி தருகிறது. எதிர்த்தரப்பு ஏற்கெனவே செய்த செலவைக் கழிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். பிறகு 2020 அக்டோபர் 23-இல் கோவிட் தற்காலிகச் சட்டம் (சட்டம் 829) வந்தது. சுற்றுலா நிறுவன ஒப்பந்தங்களும் அதன் பட்டியலில் இருந்தன. கட்டுப்பாடுகளால் கடமையைச் செய்ய முடியாதவர் மேல் மறுதரப்பு நடவடிக்கை எடுக்க முடியாது என்றது. ஆனால் மார்ச் 18-லிருந்து அந்தச் சட்டம் வெளியான நாள் வரை பறிமுதலான முன்பணம் செல்லும் என்றும் அதே சட்டம் சொன்னது. மிக மோசமான ஏழு மாதங்களில் பணம் போனவர்களுக்கு அது உதவவில்லை. என் பார்வையில் அந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

ரசீது யார் பெயரில்?

நம்ம பக்கம் ஒருவர் ஆள் சேர்த்து, பத்து குடும்பத்துக்கு மொத்தமாக புக் பண்ணுவது வழக்கம். விலை குறையும், சரி. ஆனால் ரசீதில் அவர் பெயர் மட்டும் இருந்தால், பணம் கட்டியதை நிரூபிப்பது உங்கள் பாடு. தனி ரசீது கேளுங்கள். ஏஜென்ட் சுற்றுலா அமைச்சின் உரிமம் வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால், சேவை கிடைக்காதபோது வங்கியிடமே புகார் கொடுக்க இன்னொரு வழி இருக்கிறது. அதற்குக் காலக்கெடு உண்டு, உடனே கூப்பிடுங்கள்.

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரடியாக வாங்கியிருந்தால் நிபந்தனைகளில் எந்த நாட்டு நீதிமன்றம் என்று போட்டிருக்கும், அதை முதலில் படியுங்கள். உள்ளூர் ஏஜென்ட் மூலம் வாங்கியவர்களுக்கு இங்கே வழி எளிது.

மின்னஞ்சலில் வரும் 'கிரெடிட்டை ஏற்கிறேன்' பொத்தானை அழுத்துவதற்கு முன், பணம்தான் வேண்டும் என்று தேதியோடு எழுதி அனுப்பி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அழுத்திய பிறகு கேட்டால், "நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க" என்ற பதில்தான் வரும்.