படிக்கப் போன இடத்தில் ஊர் சுற்றலாமா?

"கடன் வாங்கி அனுப்பினோம். படிக்கிறானா, ஊர் சுற்றுகிறானா?"

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெற்றோர் பலர் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், எல்லாச் சுற்றலும் வீண் அல்ல.

ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரில் நான் படித்தபோது, தோழனுடன் 2 நாள் பிராக் போனேன். ரெயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ஜெர்மனியில் தங்கிப் படிக்க அனுமதி பெற்றவருக்கு, செக் நாடு செல்லத் தனி விசா வேண்டாம்.

1410-ல் அமைத்த கடிகாரம் அங்கே இன்றும் ஓடுகிறது. 1357-ல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தில் இன்றும் மக்கள் நடக்கிறார்கள். பாலத்தின் கீழே ஓடும் வல்டாவா, எல்பே ஆற்றில் கலந்து டிரெஸ்டனுக்குத்தான் வருகிறது.

ஒரே தண்ணீர். ஆனால், டிரெஸ்டன் 1945 பிப்ரவரியில் குண்டு வீச்சில் எரிந்தது. இடிந்த மாதா கோவில் 2005-ல்தான் முழுதாக எழுந்தது. பிராக் பெரும்பாலும் தப்பியது.

"நம் டிரெஸ்டனும் இப்படி நின்றிருக்கும், இல்லையாடா?" என்றான் தோழன். எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அது.

மாணவர்களே! 2 நாளில் 4 நகரம் ஓடாதீர்கள். ஒன்று போதும். நடந்து பாருங்கள்.

பெற்றோரே! "எவ்வளவு செலவு?" என்று கேளுங்கள். "என்ன பார்த்தாய்?" என்றும் கேளுங்கள்.