சிங்க் ஓரத்துச் சின்னக் குழாய்

கடல் கடந்து வாழும் தீவகத்துப் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது பெற்றோருக்குச் செய்து கொடுக்கும் வசதிகளின் வரிசையில் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சமையலறைச் சிங்கின் ஓரத்தில் துளையிட்டுப் பூட்டப்படும் தனிக் குடிநீர்க் குழாய். கீழே அலுமாரிக்குள் ஒரு வடிகட்டி. ரொறன்ரோவிலும் லண்டனிலும் தம் வீட்டில் இருப்பது அம்மாவின் வீட்டிலும் இருக்கட்டும் என்ற அந்த எண்ணத்தில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. ஆனால், எந்தத் தண்ணீருக்கு எதைப் பூட்டுகிறோம் என்று கேட்காமல் பூட்டுவதுதான் எனக்கு உடன்பாடில்லை.

ரொறன்ரோவில் குழாய்க்கு வருவது ஏற்கனவே சுத்திகரிக்கப்பட்ட நீர். அங்குள்ள கரி வடிகட்டிக்குக் குளோரின் மணத்தைப் போக்குவதே பெரிய வேலை. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் சிக்கல் உப்பு. கரைந்துவிட்ட உப்பைக் கரியும் பிடிக்காது, பீங்கானும் பிடிக்காது. உரத்தாலும் மலக்குழிகளாலும் நிலத்தடி நீரில் சேரும் நைத்திரேற்றும் அப்படியே. அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைக்குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். ஆகவே முதற் செலவு வடிகட்டிக்கு அல்ல, நீர்ப் பரிசோதனைக்கு.

உப்பை நீக்க வல்லது எதிர்ச்சவ்வூடு பரவல் இயந்திரம், அதாவது ஆர்.ஓ. அதற்கு அழுத்தம் வேண்டும். கூரைமேல் தாங்கியின் உயரம் தரும் அழுத்தம் போதாது, மின்சாரத்தில் இயங்கும் சிறு மோட்டார் தேவை. சாதாரண வீட்டு இயந்திரங்கள் ஒரு லீற்றர் நன்னீருக்கு இரண்டு மூன்று லீற்றரைக் கழிவாக வெளியே தள்ளுகின்றன. அந்தக் கழிவு, கிணற்று நீரைவிட உப்புக் கூடியது. அதைக் கிணற்றடியில் விட்டால் எங்கே போகும்?

தீவுகளின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதற்குள் இறங்கும் மழைநீர், பாரமான கடல்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு என்பது நிலத்தடி நீர் அறிஞர்களின் பழைய கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறும். வேலிகள் நிலத்தைப் பிரிக்கலாம். இந்த வில்லை எல்லாருக்கும் ஒன்றுதான். ஒரு வீட்டுச் சிங்க் மூன்று நான்கு பங்கு நீரை இழுத்து ஒரு பங்கைக் குடித்தால், அதன் விலையில் ஒரு பகுதியை அயல்வீட்டுக் கிணறு கொடுக்கிறது.

உப்பில்லாத நீர் நமக்கு வானத்திலிருந்து வருகிறது. நூறு சதுர மீற்றர் கூரையில் 1,000 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு இலட்சம் லீற்றர். ஐந்தில் ஒன்று வீணானாலும் 80,000 மிஞ்சும். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 50 லீற்றர் என்றால் ஆண்டுக்கு 18,250 லீற்றர் போதும். மழை ஓய்ந்த ஒன்பது மாதங்களைக் கடக்க 13,500 லீற்றர்த் தாங்கி ஒன்று. கூரையும் பீலியும் சுத்தமாக இருக்க வேண்டும். முதல் மழையை வெளியே விட வேண்டும். தாங்கிக்கு நுளம்பு புகாத மூடி வேண்டும். தமிழ்நாடு 2003ஆம் ஆண்டிலேயே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சட்டம் கட்டாயப்படுத்தட்டும் என்று நாம் காத்திருக்கத் தேவையில்லை. சிங்க் ஓரத்துச் சின்னக் குழாய்க்கும் இங்கேதான் பொருத்தமான வேலை இருக்கிறது. மழைநீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை, கரியும் புறஊதா விளக்கும் கொண்ட வடிகட்டி போதும். கழிவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பால் மாறி, கடைசியில் நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுள்ள தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதன் பயன் கடைசித் தீவின் கடைசி வீடுவரை சேர வேண்டும் என்று நீர் வழங்கல் சபையையும் பிரதேச சபைகளையும் ஓயாமல் கேட்க வேண்டியவர்கள் நாம். வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீட்டுக்கு இயந்திரம் வந்துவிட்டால் அந்தக் குரல்களில் ஒன்று குறைந்துவிடும். எஞ்சுவது, அனுப்ப யாருமில்லாத வீடுகளின் குரல். பவுசருக்காகக் குடத்தோடு நிற்பவர்களும் அவர்கள்தான். அவர்களுடைய குரல் அலுவலகங்களில் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை நாற்பது ஆண்டுச் செய்தித் தொழிலில் நான் நன்றாகவே அறிவேன்.

அம்மாவுக்குக் குழாய் பூட்டுங்கள். அதோடு ஒரு மழைநீர்த் தாங்கியும் கட்டுங்கள். கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கூரைக்கும் ஒரு பீலி போடுங்கள்.