ஊசியை விடுங்க, தண்ணித் தொட்டியைப் பாருங்க

மறுபடியும் அந்தப் படம் சுத்த ஆரம்பிச்சிருச்சு. ஒரு கையில பிராய்லர் கோழி, இன்னொரு கையில சிரிஞ்சு, கீழே 'ஹார்மோன் ஊசி போட்டு நாற்பதே நாளில் வளர்க்கிறார்கள்'னு சிவப்பு எழுத்து. நம்ம பதிவர்கள்லயே நாலு பேர் அதை எடுத்துப் போட்டு, 'நான் பிராய்லரை விட்டு மூணு வருஷமாச்சு'ன்னு பெருமை வேற. விட்டதுக்கு வாழ்த்துகள் :-) ஆனா சொல்ற காரணம் தப்பு. நாம முன்வாசல்ல நின்னு கத்திட்டு இருக்கறப்ப நிஜத் திருடன் பின்வாசல் வழியா போயிட்டிருக்கான். அந்தக் கடுப்புலதான் இந்தப் பதிவு.

எங்க மாமா பல்லடம் பக்கம் ஐயாயிரம் கோழி விடற ஷெட்டு வெச்சிருக்கார். ஒரு தடவை அவர்கிட்டயே கேட்டேன், "ஏனுங் மாமா, ஹார்மோன் ஊசி போடறீங்களாமா?"

"போட்டுடலாம் கண்ணு. உங்கொப்பனையும் கூட்டியாந்து விடு. ஆளுக்கு ரெண்டாயிரத்தி ஐநூறு, தெனமும் புடிச்சுப் புடிச்சுக் குத்தலாம்."

விஷயம் அவ்வளவுதான். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்துல கலந்தா பருப்பு மாதிரி செரிச்சுப் போயிடும். ஊசியாப் போடணும்னா திரும்பத் திரும்பப் போடணும். குஞ்சுக்கு ஊசி போடறதை நானே பார்த்தேன்னு சொல்றவங்க பொய் சொல்லலை, ஆனா அவங்க பார்த்தது தடுப்பூசி.

அப்ப எப்படி இவ்வளவு வேகமா வளருது? கனடாவுல ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்துக்காரங்க 2014-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 1957-லயும் 1978-லயும் இருந்த இனங்களைத் தேர்வு எதுவும் செய்யாம அப்படியே காப்பாத்தி வெச்சிருந்தாங்க. அதுங்களையும் 2005-ம் வருஷத்து ராஸ் 308 இனத்தையும் பக்கத்துல பக்கத்துல விட்டு, ஒரே தீவனம் போட்டு வளர்த்தாங்க. 56-வது நாள் எடை: 1957 கோழி 905 கிராம், 1978 கோழி 1808 கிராம், 2005 கோழி 4202 கிராம். ஐம்பது வருஷம் தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்த வேலை அது. அந்த வேகத்தால கோழியோட காலும் நெஞ்சும் படற பாடு தனிக்கதை, இன்னொரு நாள் திட்டறேன்.

இப்ப பின்வாசல். தண்ணித் தொட்டியில கலக்கற ஆன்டிபயாட்டிக்.

டெல்லியில இருக்கற அறிவியல் சுற்றுச்சூழல் மையம் டெல்லி வட்டாரத்துல 70 கோழி மாதிரிகளை வாங்கிச் சோதிச்சு 2014-ல முடிவை வெளியிட்டப்ப, 40 சதவீதத்துல ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருந்துச்சு. மனுஷனுக்கு வேற எந்த மருந்தும் கேக்காதப்ப கடைசியா எடுக்கற கோலிஸ்டினையே கோழிக்குக் கொடுத்துட்டு இருந்தோம். அதை உணவுக்காக வளர்க்கற எந்தப் பிராணிக்கும் கொடுக்கக் கூடாதுன்னு 2019 ஜூலையிலதான் மத்திய அரசு தடை போட்டுச்சு. இந்த மருந்தை எதிர்க்கற மரபணு ஒரு பாக்டீரியாவுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவும்னு சீனாவுல இருந்து 2015-லயே சேதி வந்தாச்சு. நாலு வருஷம் கழிச்சு நமக்கு முழிப்பு.

"வியாதி வந்தா மருந்து கொடுக்காம சாக விடறதா?"ன்னு கேப்பீங்க. வியாதிக்குக் கொடுங்க, யார் வேண்டாம்னா? வியாதி ஏன் வந்துச்சுன்னு யாரும் கேக்கறதில்லையே, அதுதான் என் சண்டை.

ஷெட்டுக்குள்ள போய் கோழி நிக்கற உசரத்துக்குக் குனிஞ்சு ஒரு மூச்சு இழுத்துப் பாருங்க. நிமிர்ந்து நடக்கற நமக்கு அந்த நாத்தம் பாதிதான் தெரியும். தரையில பரப்பின தென்னை நார்க்கழிவு ஈரமாயிருந்தா எச்சத்துல இருந்து அமோனியா கிளம்பும். 25 பிபிஎம் தாண்டினாலே மூச்சுக்குழாய்ல தூசியைத் தள்ளி விடற சின்னச் சின்ன மயிர்கள் செயலிழக்க ஆரம்பிக்கும். பின்னாடியே ஈ-கோலை உள்ள நுழையும், கோழி குறட்டை விடும், சூப்பர்வைசர் பாட்டிலோட வருவார். ரத்தக் கழிச்சலுக்கும் அதே ஈரம்தான் தாய்வீடு. அந்தக் கிருமியோட முட்டைகள் முத்தறதுக்கு சூடும் ஈரமும் வேணும், ரெண்டையும் நாமளே ஏற்பாடு பண்ணிக் கொடுக்கறோம். தண்ணி ஒழுகற குழாயைச் சரி பண்றதுக்குப் பேர் வைத்தியம்னு நம்ம யாருக்கும் தோணாது. அது பிளம்பர் வேலை!

இன்னொரு கூத்து. ராணிக்கெட், அதாங்க வெள்ளைக் கழிச்சல், அதுக்கும் கம்போராவுக்கும் சொட்டு மருந்தைத் தண்ணியில கலந்து கொடுப்பாங்க. உள்ள இருக்கறது உயிருள்ள வைரஸ். தொட்டியில பிளீச்சிங் பவுடர் போட்ட அதே தண்ணியில கலந்தா, கோழி வாய்க்குப் போறதுக்குள்ள அது செத்துப் போயிரும். குளோரின் இல்லாத தண்ணியும் கொஞ்சம் பால் பவுடரும் போதும். இதைக் கோட்டை விட்டுட்டு, "தடுப்பூசி போட்டும் நோய் வந்துருச்சுங்க"ன்னு புலம்பி, அதுக்கு டானிக், ஈரலுக்கு ஒரு டானிக், பசிக்கு ஒரு டானிக்.

லாபக் கணக்குக்கு வருவோம். அமோனியாவுல மூச்சுத் திணறி, வயிறு கெட்ட கோழி ஒரு கிலோ எடைக்கு 1.6 கிலோ தீவனம் தின்ன வேண்டிய இடத்துல 1.7 கிலோ திங்குதுன்னு வைங்க. புள்ளி ஒண்ணுதானேன்னு தோணும். ரெண்டு கிலோ கோழி, ஐயாயிரம் உருப்படி, பெருக்கிப் பாருங்க: ஒரு பேட்ச்சுக்கு ஒரு டன் தீவனம் நஷ்டம்! ஒழுகற குழாயை மாத்த என்ன ஆகும்?

ஆனா மாமா குழாயை மாத்த மாட்டேங்கறார். ஏன்னு புரிஞ்சுக்க எனக்கு ரொம்ப நாளாச்சு.

ஒப்பந்த வளர்ப்புல குஞ்சு கம்பெனியோடது. தீவனம் கம்பெனியோடது. மருந்தும் அவங்களோடது. ஷெட்டு, கரண்டு, தண்ணி, நார்க்கழிவு, ராத்திரி முழிப்பு இதெல்லாம் மாமாவோடது. கூலி கிலோவுக்கு ஆறரை ரூபாய்னு ரொம்ப வருஷம் ஓடின ரேட்டுலயே பார்த்தா பத்தாயிரம் கிலோவுக்கு அறுபத்தஞ்சாயிரம். அதுலதான் மேலே சொன்ன செலவெல்லாம். எஃப்சிஆர் ஏறினாலோ சாவு கூடினாலோ அதுலயும் வெட்டு. அந்த ஒரு டன் தீவனத்தை மிச்சம் பண்ணினா பெரும்பங்கு கம்பெனிக்கு, குழாய் மாத்தற செலவு முழுசா மாமாவுக்கு. போன கோடையில வந்த குஞ்சு வர்றப்பவே சோர்ந்துதான் வந்துச்சு. மொத வாரத்துலயே சாவு. கணக்கு முடிக்கறப்ப 'பராமரிப்புக் குறை'ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. வாயைத் திறந்தா அடுத்த பேட்ச் குஞ்சு வராது, காலி ஷெட்டுக்கும் பேங்க் கடன் ஓடும். அந்த பயத்துல இருக்கற மனுஷன் பாட்டிலைத்தான் நம்புவான்.

ஸ்வீடன்ல தீவனத்துல வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் சேர்க்கறதை 1986-லயே நிறுத்திட்டாங்க. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க நின்னது 2006 ஜனவரியில. ஸ்வீடன்காரங்க இன்னொண்ணும் பண்ணினாங்க. வெட்டற இடத்துல கோழியோட பாதத்தைத் திருப்பிப் பார்த்து மார்க் போடறாங்க. ஈரத்துல நின்ன கோழிக்கு உள்ளங்கால்ல புண்ணு இருக்கும், பொய் சொல்ல முடியாது. மார்க் மோசமா இருந்தா அடுத்த தடவை அந்த ஷெட்டுல கோழி எண்ணிக்கையைக் குறைக்கணும்.

நம்ம ஊர்ல குளிரும் கிடையாது, அந்த மாதிரி அடைச்ச ஷெட்டும் கம்மி. சரி. ஆனா பாதத்தைப் பார்க்க என்ன மிஷினா வேணும்? எடை போடறப்ப லாரிகிட்ட நின்னு நூறு கோழியைத் திருப்பிப் பார்த்தாப் போதும். காஞ்ச தரை வெச்சவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு சேர்த்துன்னு கம்பெனிக்காரங்க கூலிச் சீட்டுல ஒரே ஒரு வரி போடட்டும். மறுநாளே மாமா குழாய் வாங்க திருப்பூருக்கு பஸ் ஏறிடுவார், நான் கேரண்டி. மருந்துச் செலவும் அவங்களுக்குத்தான் மிச்சம்.

ஊசிப் படம் போட்ட நாலு பேரும் பல்லடம் பக்கம் வந்தா சொல்லுங்க. மாமாகிட்ட சொல்லி வைக்கிறேன். செருப்பைக் கழட்டி, வாசல்ல கொட்டி வெச்சிருக்கற சுண்ணாம்புல காலை மிதிச்சுட்டுத்தான் உள்ள விடுவார், கோவிச்சுக்காதீங்க.