கொக்கியா, பசையா?

நாயுருவி மண்டிய வரப்பில் நடந்து வந்தால் வேட்டிக் கரையெல்லாம் விதை ஒட்டிக்கொள்வதைக் காணாதவர் யார்? 1941-ல் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்னும் ஸ்விட்ஸர்லாந்து இஞ்சினீயர், தம் நாயின் ரோமத்தில் ஒட்டிய முட்காயைப் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். அத்தனையும் சிறு கொக்கிகள்! அதிலிருந்து பிறந்ததே வெல்க்ரோ. இன்று தச்சுப் பட்டறைச் சாண்டர் யந்திரத்தில் உப்புத்தாள் வட்டைப் பிடித்து நிறுத்துவதும் அதே உபாயந்தான்.

மற்றொரு வகை, முதுகில் பசை பூசிய வட்டு. விலை குறைவு, தட்டோடு தட்டாகப் படியும். ஆகையால், ஓரிடத்தில் நிறுத்திய யந்திரத்தில் ஒரே தாளை வைத்து ஓரங்களை நேராகத் தேய்ப்பதற்கு இதுவே உத்தமம். ஆனால் உரித்துவிட்டால் பசையில் தூசி படியும். மறுபடி சரியாக ஒட்டாது.

நண்பர் ஒருவர் பாட்டனார் காலத்துத் தேக்கு ஊஞ்சற் பலகையைப் புதுப்பிக்கப் புகுந்தார். 80-ம் நம்பர் தாளை உரித்து 120-ஐ ஒட்டிய பிறகு ஒரு கறை தென்பட்டது. உரித்த தாளையே சிக்கனமாகத் திரும்ப ஒட்டினார். சுழன்ற வேகத்தில் அது நழுவி மடிந்து, பலகையில் பிறைபோல் ஒரு வடுவை உண்டாக்கிவிட்டது.

அடிக்கடி தாள் மாற்றும் கைச் சாண்டருக்கு, விலை கூடினாலும் கொக்கி வட்டே தகும். அதையும் அழுத்தித் தேய்க்கலாகாது. சூட்டில் தட்டின் கொக்கிகள் மழுங்கிப் போகும்.

நண்பர் வீட்டு ஊஞ்சலில் இப்போது ஒரு மெத்தை விரித்திருக்கிறது. காரணம் நமக்குத் தெரியும், கேட்பதில்லை.