கியர்பொக்ஸில் பிழையில்லை, சேர்!



கொஞ்சம் நீளமான பதிவு. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் பழைய ஓட்டோ கியர் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தால் கீழே திட்டுங்கள், பரவாயில்லை.

இந்தத் தவணையில் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். "சேர், கார மெனுவலா மாத்தப் போறேன். ஓட்டோ மலைக்குச் சரிவராதுன்னு கராஜ்ல சொல்லிட்டாங்க."

மூவரிடமும் நான் கேட்டது ஒன்றுதான். "றம்பொடை இறக்கத்தில கியர் லீவர் எதில இருக்கும்?"

மூவரும் சொன்ன பதிலும் ஒன்றுதான். "டீயில தான் சேர். ஓட்டோ தானே!"

பிரச்சினை அங்கே இருக்கிறது. கியர்பொக்ஸில் இல்லை.

இதைச் சொல்ல எனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். நானும் அதே முட்டாள்தனத்தைச் செய்தவன், அதுதான் தகுதி. என்னிடம் இருப்பது 1998ஆம் ஆண்டு கொரொல்லா 110. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு வாங்கியது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடம் பழைய இரும்புக்கும் தங்க விலைதான். கதவு திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் ஆசிரியர் சம்பளத்துக்குப் புதுக் கார் கனவுதான். அதனால் நம்மில் அநேகருக்கு இந்தப் பழைய கார்தான் இன்னும் பத்து வருடத்துக்கு. அதைக் கழற்றிக் கெடுக்க எங்களுக்கு வசதியில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு பெருநாள் லீவில் நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கினோம். உம்மா, மனைவி, பிள்ளைகள், பின்னால் சாமான். வழி முழுக்க லீவர் டீயில், என் கால் பிரேக்கில். றம்பொடை தாண்டியதும் ஏதோ கருகுகிற வாசம். புஸ்ஸல்லாவைக்கு முன் ஒரு வளைவில் பிரேக் மிதி மெத்தை மாதிரி உள்ளே போனது. எப்படியோ மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். முன் சக்கரத்தில் புகை. உம்மா கலிமா சொல்வது காதில் விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் மறக்கமாட்டேன்.

அடுத்த நாள் கராஜ் பாஸ் தீர்ப்புச் சொன்னார். "மலையில ஓட்டோ ஓட்டினா இப்படித்தான் சேர். மெனுவலா மாத்துங்க. செகண்ட்ல போட்டு இறக்கினா பிரேக்கே தேவையில்ல."

அவர் கேட்ட தொகை என் மூன்று மாதச் சம்பளம். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் மனைவி கேட்டார். "அந்த லீவர்ல டீக்குக் கீழ ரெண்டு, எல் எண்டு ஈக்கே, அது என்னத்துக்கு?"

விஞ்ஞான பாட ஆசிரியர் நான். கல்வியியற் கல்லூரியில் சக்திக் காப்பு விதியைப் பாடத் திட்டமாக எழுதிப் புள்ளி வாங்கியவன். பதில் தெரியவில்லை!

பதில் இதுதான். டீயில் கியர்பொக்ஸ் தன் விருப்பப்படி கியரைத் தெரிவு செய்கிறது. இறக்கத்தில் நீங்கள் காலை எடுத்தால், "ஓ, சுமை இல்லை" என்று நினைத்து மேல் கியருக்குப் போய்விடும். எஞ்சின் காரைப் பிடிக்காது. கீழ் கியருக்கு வந்தாலும், இந்த ரகப் பழைய கியர்பொக்ஸ்களில் டீயின் முதல் கியர் ஒருவழிக் கிளச் ஒன்றில் நிற்கிறது. எஞ்சின் சக்கரத்தைத் தள்ளலாம், சக்கரம் எஞ்சினைத் தள்ளும்போது அது வழுக்கி விட்டுவிடும். சைக்கிளில் மிதிக்காமல் இறங்குவது போல. லீவரை எல்லில் போட்டால் உள்ளே இன்னொரு பிடி இறுகி அந்த வழுக்கலை நிறுத்துகிறது. அப்போது எஞ்சின் காரைப் பிடித்து இழுக்கும். இரண்டில் போட்டால் அதற்கு மேலே உள்ள கியருக்குப் போகாமல் நிற்கும். ஓவர்டிரைவ் பட்டன் இருந்தால் அதை நிறுத்துவது முதல் படி.

அதாவது பாஸ் சொன்ன "செகண்ட்ல போட்டு இறக்கிறது" என் காரில் ஏற்கெனவே இருந்தது. நான்தான் தொடவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். கம்பளை ஏறத்தாழ 500 மீட்டர். 1,300 மீட்டருக்கு மேல் இறக்கம். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு தூரம் கீழே வரும்போது வெளியாகும் சக்தி, சுமார் 50 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் வீதியும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் வாங்காவிட்டால் முழுவதும் பிரேக் தட்டுகளுக்குத்தான். பிரேக் ஒயில் பழையதாக இருந்தால் அதில் ஊறிய ஈரம் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், மிதி உள்ளே போகும். மெனுவல் காரை நியூட்ரலில் இறக்கினாலும் இதே கதைதான்.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ் ஒன்று வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதி 7 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அது பஸ், கார் அல்ல. அதன் காரணத்தை நான் இங்கே தீர்ப்பளிக்க வரவில்லை. ஆனால் நம் வீதிகளின் இறக்கம் எதைக் கேட்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

"சரி சேர், ஏற்றத்தில ஓட்டோ கியர்பொக்ஸ் எரியுதே?"

எரிகிறது. ஏன்? ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் ஒயில்தான் விசையைக் கடத்துகிறது. வழுக்கல் அதிகம், சூடு அதிகம். அந்த ஒயிலை எப்போது மாற்றினீர்கள்? நான் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு கியர்பொக்ஸுக்குத் தனி ஒயில் உண்டென்பதே தெரியாது. மீதிப் பேர், "அது காலத்துக்கும் போதுமாம்" என்கிறார்கள். யாருடைய காலத்துக்கு? அளவுக்கோலை எடுத்து முகர்ந்து பாருங்கள். கபில நிறமாகிக் கருகிய வாசம் வந்தால் அது மலை செய்த குற்றமல்ல, பராமரிப்பின் குற்றம். கட்டித் தேயிலைச் சாயம் மாதிரி ஒயிலை வைத்துக்கொண்டு ஜப்பான்காரனைத் திட்டாதீர்கள்.

இனி, மாற்றுவது என்றால் என்ன என்று பார்ப்போம். கியர்பொக்ஸை மட்டும் கழற்றிப் பூட்டும் வேலையல்ல அது. கிளச் மிதி, கிளச் சிலிண்டர்கள், ஃப்ளைவீல், கிளச் தட்டு, கியர் கேபிள்கள், மவுண்ட், பல மாடல்களில் டிரைவ் ஷாஃப்ட், சிலவற்றில் எஞ்சின் கம்ப்யூட்டர். ரிவர்ஸ் லைட், ஸ்பீடோமீட்டர் வயர்களும் உண்டு. ஓட்டோ காரில் பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ மட்டும் ஸ்டார்ட் ஆகும் பாதுகாப்பு இருக்கிறது. பல இடங்களில் அந்த வயரைச் சும்மா முடிந்து விடுகிறார்கள். பிறகு கியரில் நிற்கும்போது பிள்ளை சாவியைத் திருப்பினால் கார் பாயும். இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து நாளில் கேள்வியாக வரும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கியவர் எத்தனை பேர்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆண்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் மனைவியின் லைசன்ஸ் ஓட்டோ வாகனத்துக்கு மட்டும். ஓட்டோ காரில் ட்ரயல் கொடுத்தவர்களுக்கு அப்படித்தான். நம் பாடசாலைகளில் எத்தனை டீச்சர்மாரிடம் அதே லைசன்ஸ்? நான் காரை மெனுவலாக மாற்றியிருந்தால் அவர் கையிலிருந்த சாவியைச் சட்டப்படி பறித்திருப்பேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல்!

கடந்த வருடம் நான் விடைத்தாள் திருத்தும் பணிக்காக வெளியூரில் இருந்தேன். இரவு இரண்டு மணிக்குப் பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டினார். மருமகளுக்குப் பிரசவ வலி, முச்சக்கரவண்டி கிடைக்கவில்லை. மனைவிதான் ஏற்றிக்கொண்டு டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போனார். மழை, பனிமூட்டம், தோட்டத்துக் கல் ரோட்டு இறக்கம். லீவரை எல்லில் போட்டு இறக்கினேன் என்று காலையில் அழைத்துச் சொன்னார். தாயும் பிள்ளையும் நலம், அல்ஹம்துலில்லாஹ்.

தேயிலை லொறியில் பிரசவத்துக்குப் போன கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. இங்கே ஒரு பெண் தன் கையால் காரை எடுத்து இன்னொரு பெண்ணைக் காப்பாற்றும்போது, "மெனுவல் ஓட்டினாத்தான் மச்சான் ட்ரைவர்" என்று சந்தியில் நின்று பேசும் வீரம் எனக்கு வேண்டாம்.

நியாயமாகப் பேசுவோம். மெனுவலில் எஞ்சின் பிடிப்பு இன்னும் நேரடியானது. பெட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். எந்த ஊர் பாஸுக்கும் கைவந்த வேலை. எனவே கியர்பொக்ஸ் உண்மையிலேயே செத்து, அதே மாடல் காரின் முழுச் சாமானும் ஒரே இடத்தில் கிடைத்து, வீட்டில் ஓட்டும் எல்லோரிடமும் மெனுவல் லைசன்ஸ் இருந்தால் மாற்றுங்கள். அரைகுறையாக வேண்டாம், முழுதாகச் செய்யுங்கள். அதற்கு நான் எதிரியல்ல.

உயிரோடு இருக்கும் கியர்பொக்ஸைப் பயத்தில் கழற்றுவதற்குத்தான் எதிரி.

முதலில் கியர்பொக்ஸ் ஒயிலையும் பிரேக் ஒயிலையும் மாற்றுங்கள். அடுத்த ஞாயிறு வெறும் காரோடு ஒரு சின்ன இறக்கத்துக்குப் போங்கள். வேகத்தைக் குறைத்த பிறகு லீவரை இரண்டுக்கு எடுங்கள், மிகச் செங்குத்தான இடத்தில் எல்லுக்கு. எஞ்சின் சத்தம் கூடும், பயப்படாதீர்கள், அது வேலை செய்கிற சத்தம். பக்கத்தில் மனைவியையும் ஓட்டச் சொல்லுங்கள். ஒரு மாதம் பழகுங்கள்.

அதன் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால் வந்து சொல்லுங்கள். கராஜுக்கு நானும் கூட வருகிறேன், இன்ஷா அல்லாஹ்.